பழைய தேக்கு நாற்காலி: உப்புத்தாளை எடுக்கும் முன்

பரணிலோ மாடிப்படிக்குக் கீழேயோ தாத்தா காலத்து நாற்காலி ஒன்று கிடக்கும். மேலெல்லாம் கருத்து, உட்கார்ந்தால் கிறீச்சென்று கத்தும். அதை வெளியே எடுத்துப் போட்டதும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, கடைக்குப் போய் நாலு உப்புத்தாள் வாங்கி வந்து தேய்க்க ஆரம்பிப்பது. வேலை கெடுவதும் அங்கேதான். ஐம்பது அறுபது வருஷ வெளிச்சமும் கைப்புழக்கமும் கொடுத்த நிறம் மரத்தின் மேல்தோலில் மட்டும் இருக்கிறது. தேய்த்துவிட்டால் போனது போனதுதான். கையிலும் காலிலும் இருக்கும் கடைசல் வேலையின் கூர்விளிம்பும் அதோடு சேர்ந்து மழுங்கிவிடும்.

இங்கே சொல்வது ஒரு தேக்கு நாற்காலியை வீட்டிலேயே அரக்கு பாலிஷில் மீட்கும் முறை. கடையில் பிரெஞ்சு பாலிஷ் என்று கேட்டால் புரியும். பார்ப்பது, கழுவுவது, இணைப்பை இறுக்குவது, தேவைப்பட்டால் மட்டும் பழைய பூச்சை எடுப்பது, கடைசியில் பாலிஷ் என்று வரிசையாகப் போக வேண்டும். பல நாற்காலிகள் மூன்றாவது படியிலேயே சரியாகிவிடும். அங்கே நிறுத்திக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எதில் கை வைப்பது

முதல் முயற்சிக்கு ஒரு முக்காலியோ கையில்லாத நேர் நாற்காலியோ போதும். பீரோ, டைனிங் டேபிள், ஊஞ்சல் பலகை வேண்டாம். அகலப் பரப்பில் பாலிஷ் திட்டுத்திட்டாகத் தெரியும். நாற்காலிச் சட்டங்கள் ஒடுங்கியவை, தப்பை மறைத்துவிடும்.

வீட்டில் இல்லாமல் வெளியே வாங்குவதானால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளானாலும் உள்ளூர் பழைய சாமான் கடையானாலும், நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்காமல் பேரம் பேசக் கூடாது. மேலே எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். உண்மை எல்லாம் அடியில்தான் இருக்கும். வைரம் பாய்ந்த பகுதி பழுப்பாக, கையில் கனமாக இருக்கும். ஓரத்தில் வெளிறிய பட்டை தெரிந்தால் அது வெளிமரம். உளு வண்டு முதலில் துளைப்பது இதைத்தான்; வைரத்தை அது பெரும்பாலும் தொடாது. குண்டூசித் தலை அளவுத் துளைகள் இருந்தாலே பயப்பட வேண்டாம், பழைய துளையாகவும் இருக்கலாம். நாற்காலியைத் தட்டிவிட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள். மைதா மாதிரிப் புதுத் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அப்போது பாலிஷ் இல்லாத அடிப்பரப்பிலும் துளைகளுக்குள் சிரிஞ்சாலும் மரப்பூச்சிக்கொல்லி செலுத்தி, மருந்து ஊறிக் காய்ந்த பிறகே மற்ற வேலை. மண்ணெண்ணெய் ஊற்றுவது பழைய பழக்கம்; அது நேராகப் படும் பூச்சியைக் கொல்லும், ஆவியானதும் காவல் இல்லை, நாற்றம் மட்டும் மாதக் கணக்கில் நிற்கும்.

மேலே இருப்பது என்ன பூச்சு

இது தெரியாமல் ஒரு சொட்டுக்கூட எதுவும் ஊற்றக் கூடாது. உட்காரும் சட்டத்தின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடம் பாருங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹால்) நனைத்து அங்கே ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு பழுப்பாகி, மரம் பிசுபிசுத்தால் அது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லேக்கர். தின்னர் பட்டுச் சுருங்கி உரிந்தால் எனாமலோ வார்னிஷோ. இரண்டுக்கும் கல்லு மாதிரி நின்றால் பிற்காலத்தில் யாரோ மெலமைனோ பியூவோ (பாலியூரித்தேன்) அடித்திருக்கிறார்கள். ஸ்பிரிட்டை முதலில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம், தின்னர் அரக்கையும் இளக்கும். அதை முதலில் வைத்தால் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அரக்கு என்று தெரிந்தால் உங்களுக்கு நல்ல காலம். அரக்குப் பூச்சி பலாச மரத்திலும் இலந்தையிலும் குசும் மரத்திலும் சுரக்கும் பிசின் இது. ஜார்க்கண்டில் அதிகம் விளைகிறது. எத்தனை வருஷம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும். புதுப் பூச்சு பழைய பூச்சோடு ஒன்றாகக் கலந்துவிடும். அதனால்தான் கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடிகிறது. பியூவில் அது நடக்காது. ஓரிடம் உரிந்தால் முழுப் பரப்பையும் சுரண்ட வேண்டும்.

எனாமல் பெயின்ட் அடித்த பழைய நாற்காலியானால் இன்னொரு எச்சரிக்கை. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உலர்வாக உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூசி வீடெல்லாம் படியும். குழந்தைகளுக்கு அது நஞ்சு. பெயின்ட் ரிமூவர் தடவி, ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் கட்டி அப்புறப்படுத்துங்கள். திறந்த வெளி, ரப்பர் கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். முதல் நாற்காலிக்கு இந்த வம்பே வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

கழுவுவது

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் துலக்கும் திரவம். துணியை நனைத்து இறுகப் பிழிந்து துடையுங்கள். தண்ணீர் வடியக் கூடாது. கடைசலின் பள்ளங்களுக்குப் பழைய பல்துலக்கி. உடனே உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் ஒரு நாள் வையுங்கள். பிறகு டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரு முறை. சாய்மானத்தில் தலை வைக்கும் இடத்திலும் கை முனையிலும் இருக்கும் கறுப்பு, பாலிஷ் கெட்டதால் வந்தது என்று பலர் நினைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக ஊறிய தலை எண்ணெய் அது. டர்பன்டைன் எண்ணெயையும் மெழுகையும் எடுக்கும், அரக்கைத் தொடாது. நாலைந்து துணி கறுப்பாகும் வரை பொறுமையாகத் துடைத்தால், அடியில் பாலிஷ் நன்றாகவே இருப்பதைப் பார்க்கலாம்.

காஸ்டிக் சோடா கரைசலில் கழுவித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பூச்சு ஒரே நாளில் போகும், உண்மைதான். கூடவே தேக்கு கருக்கும், நார் எழும்பும், இணைப்பில் இருக்கும் பழைய பசையும் விட்டுப்போகும். மரத்துக்குள் தங்கிய காரம் பிறகு அடிக்கும் பாலிஷையும் கெடுக்கும்.

ஆட்டத்தை நிறுத்துவது

இந்த வேலையில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பாலிஷ் மோசமாக வந்தால் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். ஆடும் நாற்காலியில் ஒருவர் சாய்ந்தால், துளைக்குள் செருகியிருக்கும் சட்ட முனையான கழுந்தே முறியும்.

ஒரு கை சாய்மானத்திலும் ஒரு கை முன் சட்டத்திலும் வைத்து ஆட்டி, எந்த இணைப்பு வாய் திறக்கிறது என்று பாருங்கள். ஆடுகிறவற்றை மட்டும் பிரிக்க வேண்டும். கெட்டியாக இருப்பதை விட்டுவிடுங்கள். பிரிக்கும் முன் ஒவ்வொரு கழுந்துக்கும் அதன் துளைக்கும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதுங்கள். நாலு குறுக்குச் சட்டமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கையால் செய்த நாற்காலியில் ஒன்றின் கழுந்து இன்னொன்றின் துளைக்குப் பொருந்தவே பொருந்தாது.

மூங்கில் ஆணி அடித்திருந்தால் சிறிய முனை இருக்கும் பக்கத்திலிருந்து தட்டி வெளியேற்றுங்கள். இரும்பாணி இருந்தால் பின்னாளில் யாரோ செய்த அவசர வேலை. அதைக் குறடால் பிடுங்காமல் இணைப்பைத் தட்டிப் பிரித்தால் கழுந்து பிளந்துவிடும். பிறகு துணி சுற்றிய கொட்டாப்புளியால் (மரச்சுத்தி) மெதுவாகத் தட்டுங்கள். வர மறுத்தால் பழைய வஜ்ஜிரப் பசை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து இணைப்பின் இடுக்கில் விட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் தட்டினால் விடும். வஜ்ஜிரம் விலங்குத் தோலிலிருந்து வந்தது, சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகும்.

பழைய பசையை உளியால் சுரண்டி, மரம் தெரிய வேண்டும். ஃபெவிகால் மரத்துக்குள் ஊறிப் பிடிக்கும் பசை, பழைய பசையின் மேல் ஊற இடம் இல்லை. ஒட்டி ஒரே மாதத்தில் மறுபடி ஆடுகிறது என்ற புகாருக்கு முக்கால்வாசி காரணம் இதுவாகத்தான் இருக்கும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கழுந்தைத் தின்னர் துணியால் ஒரு முறை துடைத்து உலரவிடுங்கள்.

துளைக்குள் கழுந்து தொளதொளவென்று இருந்தால் பசையை அதிகம் ஊற்றிப் பயனில்லை. ஃபெவிகால் இடைவெளியை நிரப்பாது. இழைப்புளியில் ஒரு தேக்குத் துண்டை இழைத்தால் வரும் சுருளை எடுங்கள். கழுந்தின் அகலத்துக்கு வெட்டி, பசை தடவி, இரு முகத்திலும் ஒட்டிக் காயவிடுங்கள். இப்போது கழுந்து துளைக்குள் கையழுத்தத்தில் பாதி தூரம் போய், மிச்சம் கொட்டாப்புளித் தட்டுக்குப் போக வேண்டும். முழுவதும் கையிலேயே போனால் இன்னொரு சுருள். பலமாக அடித்தால்தான் போகும் என்றால் உப்புத்தாளால் கொஞ்சம் குறையுங்கள். இல்லாவிட்டால் துளைச்சுவர் வெடிக்கும்.

பசை போட்டுப் பொருத்தியதும் இறுக்க கிளாம்ப் வேண்டும் என்பதில்லை. நாலு காலையும் சுற்றி நூல் கயிற்றை இரண்டு சுற்று சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். கயிறு படும் மூலைகளில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு வைத்தால் தடம் விழாது. குச்சி திரும்பாமல் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும். காய்ந்த ஃபெவிகால் மேல் பாலிஷ் நிறம் பிடிக்காது, வெள்ளைத் தழும்பாக நிற்கும்.

பசை காய்வதற்குள் ஒரு அளவு பார்க்க வேண்டும், இதை விட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய. உட்காரும் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே டேப் வைத்து இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் வேறு அகலமுள்ள சட்டமானாலும், இடது வலது ஒன்றாக இருந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வரும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரு மூலைகளையும் நெருக்கித் தள்ளுங்கள். பிறகு சமதரையில் வைத்து நாலு காலும் படிகிறதா பாருங்கள். காய்ந்த பிறகு ஒரு கால் தூக்கி நிற்பதைப் பார்த்து, மற்ற காலை ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தால் நாற்காலி முக்காலி உயரத்துக்கு வந்துதான் ஓயும். 24 மணி நேரம் கயிற்றோடு விடுங்கள்.

பிரம்புப் பின்னல் தொய்ந்திருந்தால் அறுத்துப் போட்டுவிடாதீர்கள். நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் போட்டு ஊறவிட்டு, நிழலில் இரவு முழுக்கக் காயவிடுங்கள். பிரம்பு சுருங்கி இறுகும். அடிப்பக்கம்தான் ஈரத்தை உறிஞ்சும், மேல்பக்கத்துப் பளபளத் தோல் உறிஞ்சாது. இழைகள் அறுந்திருந்தால் பின்னத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆறு வழிப் பின்னல் தனிக் கலை.

பழைய பூச்சை எடுப்பது

கழுவிய பிறகும் பூச்சு முதலைத்தோல் மாதிரி வெடித்தோ திட்டுத்திட்டாகவோ இருந்தால் மட்டும் இது. அரக்கானால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியை ஒரு சட்டத்தின் மேல் போட்டு ஐந்து நிமிஷம் விட்டு, மர ரேகை ஓடும் வாக்கில் துடைத்து எடுங்கள். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த அரக்கையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். பள்ளங்களுக்குத் தேங்காய் நார் நன்றாக வேலை செய்யும். இரும்பு நார் வேண்டாம். அதன் துணுக்கு தங்கிய இடத்தில் ஈரம் பட்டால் கறுப்புப் புள்ளி வரும்.

ஆணியைச் சுற்றி ஏற்கெனவே கறுப்பு இருந்தால் அது இரும்புக் கறை. ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலத் தூளைக் கரைத்து, கறைமேல் மட்டும் தடவாமல் அந்தச் சட்டம் முழுக்கத் தடவுங்கள். கறைமேல் மட்டும் தடவினால் வெளுத்த வட்டம் ஒன்று விழும். அரை மணி கழித்து நல்ல தண்ணீரால் மூன்று முறை துடைத்தெடுங்கள். விழுங்கினால் விஷம், காய்ந்த தூள் மூக்கில் ஏறினால் எரியும். கையுறையும் முகக்கவசமும் வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

உப்புத்தாளின் முறை இப்போதுதான். வெறும் மரத்துக்கு 180 எண் தாள், பிறகு 220, அவ்வளவுதான். 80, 120 எல்லாம் புது மரத்துக்கும் ஆழக் கீறலுக்கும். ரேகைக்குக் குறுக்கே ஒரு முறை இழுத்தாலும் அந்தக் கீறல் பாலிஷுக்கு அடியில் பூதக்கண்ணாடி வைத்ததுபோல் தெரியும். சின்ன ஓட்டைகளுக்கு மக்கு வீட்டிலேயே செய்யலாம்: சாக் பவுடரோடு மஞ்சள் காவியும் துளி பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு நிறப்பொடி) சேர்த்து, அரக்குப் பாலிஷில் குழைத்து விரலால் அழுத்துங்கள். ஈரத்தில் பார்க்கும் நிறம்தான் கடைசி நிறம். காய்ந்ததும் வெளிறித் தெரிந்தால் பதற வேண்டாம், மேல் பூச்சு பட்டதும் திரும்பும்.

பாலிஷ் கலப்பது

அரக்குச் செதில் 60 கிராம், ஸ்பிரிட் 500 மில்லி. ஒரு நாற்காலிக்கு மிஞ்சும். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மணிக்கொரு முறை குலுக்கி ஒரு நாள் விடுங்கள். இரும்பு டப்பா கூடாது, அரக்கு கருக்கும். வேட்டித் துணியில் வடிகட்டி, பாட்டிலில் கலந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். கலந்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. பழசானால் பூசியபின் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் கண்ணாடிமேல் ஒரு சொட்டு விடுங்கள். சில மணி நேரம் கழித்தும் நகம் பதிந்தால் கொட்டிவிடலாம்.

ஸ்பிரிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு, எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் தயாராக விற்கும் பிரெஞ்சு பாலிஷ் டின்னை வாங்கலாம், டின்னின் தேதியைப் பார்த்து. சானிடைசரை ஊற்றிப் பார்க்காதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கிறது, பூச்சு வெளுத்துப்போகும். தொழிற்சாலை ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும். பாட்டிலில் விஷம் என்று பெரிதாக எழுதி, பூட்டி வையுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

பூசுவது

எலுமிச்சம்பழ அளவுப் பஞ்சை, பலமுறை துவைத்த வேட்டித் துணியில் அரையடிச் சதுரம் வெட்டி, சுருக்கம் இல்லாமல் பொதியுங்கள். துணியைத் திறந்து பஞ்சில் பாலிஷ் ஊற்ற வேண்டும், வெளியே முக்கக் கூடாது. காகிதத்தில் அழுத்திப் பாருங்கள். ஈரத் தடம் விழ வேண்டும், சொட்டக் கூடாது.

தோசைக்கல்லில் எண்ணெய் தொட்ட துணியை ஓட்டுவதுபோல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே இழுப்பு. வந்த வழியே திரும்பித் தேய்க்காதீர்கள். பொதி ஓரிடத்தில் அரை விநாடி நின்றாலும் அடியில் இருக்கும் பூச்சு இளகி, துணியின் நெசவு அச்சாகப் பதியும். விட்டுப்போன இடம் தெரிந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அடுத்த பூச்சில் பிடித்துக்கொள்ளலாம். புதியவர்கள் கெடுப்பது எல்லாம் இந்த ஒரு பதற்றத்தில்தான்.

பூச்சுக்குப் பூச்சு ஒரு மணி நேரம். முதல் இரண்டு பூச்சுக்குப் பிறகு 320 உப்புத்தாளால் பட்டும் படாமலும் ஒரு தடவல். வெள்ளைப் பொடி வந்தால் காய்ந்திருக்கிறது. உப்புத்தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டினால் இன்னும் காயவில்லை, மூடிவைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். நாளுக்கு மூன்று வீதம் இரண்டு நாளில் ஆறு பூச்சு போதும். இடைவேளையில் பொதியை மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் போட்டு வைத்தால் காயாது.

நாள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரப்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பால் பாய்ந்ததுபோல் வெளுக்கும். ஆடியில் தூசிக்காற்று. தை, மாசியில், பனி விலகிய பிறகு ஒன்பது மணிக்குமேல் நிழலில் உட்கார்ந்தால் வேலை தானாக நடக்கும். வெயிலில் வைத்தால் மேலே தோல் கட்டி அடியில் குமிழ் எழும்.

மேலே மெழுகு வேண்டுமென்றால் ஒரு வாரம் கழித்து. தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. மெழுகைக் கிண்ணத்தில் வைத்து வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி உருக்கி, அடுப்பை அணைத்த பிறகு, வெளியே கொண்டுபோய் டர்பன்டைனைச் சேருங்கள். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். ஒரு நாற்காலிக்கு ஒரு டேபிள்ஸ்பூனே அதிகம். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ஒருநாளும் காயாது, தூசியைப் பிடித்து மறுபடி கறுப்பாக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் அது நனைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் போட வேண்டும்.

சூடான காபி டம்ளரை இந்த நாற்காலியின் கைமேல் வைத்தால் வெள்ளை வளையம் விழும், அரக்குக்குச் சூடு ஆகாது. வளையம் விழுந்துவிட்டால் ஒரு நாள் அப்படியே விடுங்கள், சில சமயம் தானே மறையும். மறையாவிட்டால் மெழுகை டர்பன்டைனால் துடைத்தெடுத்து, பொதியில் வெறும் ஸ்பிரிட் இரண்டு சொட்டு மட்டும் விட்டு, உள்ளங்கையில் தட்டி, ஈரம் தெரிகிறதா தெரியவில்லையா என்ற பதத்தில் வளையத்தின் மேல் வேகமாக ஓட்டுங்கள். ஐந்தாறு ஓட்டில் வெள்ளை கலைந்துவிடும். பொதி இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்துத் தொடருங்கள்.